பள்ளிக் கட்டடம்: பூச்சு வேலைக்கு முன்னால் கேட்க வேண்டியவை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பள்ளி கட்டுவோரும் புதுப்பிப்போரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் இரண்டு வகுப்பறைகள் எழும்புகின்றன. அடுத்த வாரம் தளம் போடுகிறார்கள். ஸ்மார்ட் போர்டு, இன்டர்நெட் எல்லாம் பிறகுதான் வருமாம். இப்போதே சொல்லிவைக்க வேண்டியது ஏதாவது உண்டா?
– தலைமை ஆசிரியை, பென்னாகரம்

பதில்: உண்டு, அதுவும் இந்த ஒரு வாரத்துக்குள். கருவி எப்போது வேண்டுமானாலும் வரட்டும். அதற்கான குழாய் கான்கிரீட்டுக்கும் பூச்சுக்கும் முன்னால் போயிருக்க வேண்டும். விட்டுவிட்டால், புதுச் சுவரில் காடி வெட்டி, மறுபடி பூசி, பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும்.

சென்ட்ரிங் (தளத்தைத் தாங்கும் பலகை) மேல் கம்பி கட்டி முடித்த அன்று நேரில் போய்ப் பாருங்கள். ஃபேன், விளக்குப் பெட்டிகளோடு அறையின் நடுவில் இன்னொரு பெட்டி வைக்கச் சொல்லுங்கள். அது வைஃபை கருவிக்கு. அதிலிருந்து 25 மி.மீ. குழாய் ஒன்று தனியாகச் சுவருக்கு இறங்கட்டும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள கெட்டிக் குழாய்தான் வேண்டும். அவசரத்தில் இணைப்புகளுக்குப் பசை தடவாமல் வெறுமனே சொருகிவிடுவது உண்டு. வைப்ரேட்டர் ஓடும்போது அந்த இணைப்பு நழுவி, சிமென்ட் பால் உள்ளே இறங்கிக் கல்லாகிவிடும். குழாய் வாயை டேப் சுற்றி மூடச் சொல்லுங்கள். பலகை பிரித்ததும் ஒரு ஜிஐ கம்பியை முழு நீளத்துக்கும் ஓட்டிப் பார்த்து, அதை உள்ளேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள். அடைத்திருந்தால் அப்போதே வேறு வழி பார்க்கலாம்.

சுவரில், ஆசிரியர் மேசை வரும் இடத்திலிருந்து திரை மாட்டும் இடத்துக்கு இரண்டு குழாய்கள் தேவை. மின்சாரத்துக்கு 25 மி.மீ. போதும். எச்டிஎம்ஐ, யுஎஸ்பி கேபிள்களுக்கு 50 மி.மீ. வேண்டும். எச்டிஎம்ஐ கேபிளின் தலை ஏறக்குறைய 2 செ.மீ. அகலம், 25 மி.மீ. குழாயில் அது நேராகப் போகவே திணறும், முதல் வளைவில் நின்றுவிடும். தலையை வெட்டிவிட்டு மறுபடி ஒட்டவும் முடியாது. இரண்டு குழாய்களுக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி இருக்கட்டும். ஒரே ஓட்டத்தில் இரண்டு வளைவுகளுக்கு மேல் வேண்டாம். திரைக்குப் போகும் ஒயர் 2.5 சதுர மி.மீ., தனி எம்சிபியோடு (சுமை மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்). விளக்கு, ஃபேன் லைனிலிருந்து இழுக்கக் கூடாது. நெட்வொர்க் பெட்டியை எங்கே வைத்தாலும், கடைசி வகுப்பறை வரை சுவருக்குள் போகும் கேட்-6 கேபிள் 90 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூசுவதற்கு முந்தின நாள், அளவு டேப்பைச் சுவரில் பிடித்தபடி நான்கு சுவர்களையும் செல்போனில் படம் எடுத்துவையுங்கள். பின்னால் யாராவது டிரில் போடும்போது குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரிய வேறு ஆதாரம் இருக்காது. ‘மதிப்பீட்டில் இல்லை’ என்று ஒப்பந்ததாரர் சொன்னால், பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: முன்னாள் மாணவர்கள் 65 அங்குல ஸ்மார்ட் போர்டு வாங்கித் தர முன்வந்திருக்கிறார்கள். வகுப்பறை 20க்கு 20 அடி. போதுமா? கரும்பலகையை எடுத்துவிட்டு அங்கேயே மாட்டலாமா?
– பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், பர்கூர்

பதில்: கடைசி வரிசைப் பிள்ளைக்கு எழுத்து தெரிய வேண்டுமானால், திரையின் உயரத்தைப்போல் ஆறு மடங்கு தூரத்துக்குள் அந்தப் பிள்ளை இருக்க வேண்டும். 65 அங்குலத் திரையின் உயரம் சுமார் 81 செ.மீ.; அது 16 அடி வரை சரி. 75 அங்குலம் 93 செ.மீ.; 18 அடி வரை வரும். உங்கள் அறைக்கு 75தான். நன்கொடை தருபவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். நான்கு அறைக்குச் சிறியதைவிட மூன்று அறைக்குச் சரியான அளவு மேல்.

கரும்பலகையை எடுக்காதீர்கள். கரன்ட் போனாலும் பாடம் நிற்காது. ஒரு கணக்கின் முதல் படியைப் பாட நேரம் முழுக்கப் பிள்ளைகள் கண்முன் விட்டுவைக்கப் பலகைதான் உதவும். திரையை அதன் பக்கத்தில் மாட்டுங்கள், ஆனால் ஜன்னலுக்கு நேரெதிர்ச் சுவரில் வேண்டாம். வெளிச்சம் திரையில் அடித்துப் பாதி வகுப்புக்குப் படம் தெரியாது. பிள்ளைகள் தொட்டு எழுதுவதானால் திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 2 முதல் 2½ அடியில் இருக்கட்டும். பெரியவர் உயரத்துக்கு மாட்டிவிட்டு, நான்காம் வகுப்புப் பிள்ளையை ஸ்டூலில் ஏற்றாதீர்கள்.

எடை 50 கிலோவைத் தாண்டலாம். 9 அங்குலச் செங்கல் சுவர் தாங்கும். ஹாலோ பிளாக் சுவரில் பிளக் அடித்து மாட்டினால் நாளடைவில் தளர்ந்துவிடும். சுவரின் மறுபுறம் இரும்புத் தகடு கொடுத்து, ஊடுருவும் போல்ட் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் அறையில் பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறது. எர்த் போட்டிருக்கிறோம். ஆனால் மூன்றடியில் பாறை வந்துவிட்டதால் குழாயை வெட்டிப் புதைத்தார்கள். அதுதான் காரணமா?
– ஆசிரியர், வேப்பனப்பள்ளி

பதில்: இருக்கலாம். சரிபார்க்கும் வரை அந்த அறையில் பிள்ளைகளை விடாதீர்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பவர் சப்ளையிலிருந்தும் மிகச் சிறிய கசிவு பெட்டிக்கு வரும். அது எர்த் ஒயர் வழியே மண்ணுக்குப் போக வேண்டும். வழி இல்லாவிட்டால் பெட்டியிலேயே நிற்கும், தொடுபவர் உடம்பு வழியே இறங்கும். உள்ளே இன்சுலேஷன் போயிருந்தாலும் இதே அறிகுறிதான், ஆனால் அது உயிருக்கு ஆபத்து.

முதலில் எலக்ட்ரீஷியனை விட்டு ஒவ்வொரு பிளக்கிலும் மூன்றாவது துளைக்கு எர்த் ஒயர் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டிகளில் அது பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும். அடுத்து எர்த் டெஸ்டர் வைத்து அளக்க வேண்டும். 5 ஓமுக்குக் கீழே வந்தால் நல்லது. எர்த் குழாய் 8 அடிக்குக் குறையாமல் மண்ணில் இறங்க வேண்டும். நம் பக்கத்துப் பாறை நிலத்தில் அது நடக்காத இடங்களில் படுக்கை எர்த் போடலாம். 2 அடி ஆழத்தில் 50 அடி நீளத்துக்கு வாய்க்கால் தோண்டி, 25×4 மி.மீ. ஜிஐ பட்டையைப் படுக்க வைத்து, பென்டோனைட் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் களிமண்) கலந்த மண்ணால் மூடுவார்கள். சரளையைக் கொட்டி மூடக் கூடாது. கை கழுவும் தண்ணீர் போகும் ஈரமான ஓரம் இருந்தால் வாய்க்காலை அந்தப் பக்கம் கொண்டுபோங்கள். சித்திரை வெயிலில் ஒருமுறை அளந்து பார்ப்பது அவசியம். மழைக்காலத்து அளவு ஏமாற்றும். எர்த்தை நியூட்ரலோடு முடிந்து ‘சரி பண்ணிவிட்டேன்’ என்று யாராவது சொன்னால் உடனே பிரிக்கச் சொல்லுங்கள்.

கசிவு மிஞ்சினால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். 20 கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று போட்டால், கசிவுகள் கூடி அடிக்கடி விழும். வெறுத்துப்போய் அதையே கழற்றிவிடுவார்கள். ஏழெட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒன்று வீதம் பிரித்துப் போடுங்கள்.

கேள்வி: அடிக்கடி கரன்ட் போகிறது. கூரையில் சோலார் போட்டால் லேப் ஓடுமா?
– பெற்றோர், அஞ்செட்டி

பதில்: கிரிட்டோடு (மின்வாரிய லைனோடு) இணைத்த சாதாரண சோலார், கரன்ட் போனால் தானும் நின்றுவிடும், லைனில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பில் குறையும், லேப் ஓடாது. ஓட வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் கேளுங்கள். அதற்கு முன் சுமையைக் குறையுங்கள்: 20 டெஸ்க்டாப் சுமார் 2,400 வாட் இழுக்கும், 20 லேப்டாப் 800 வாட்தான்.

கேள்வி: எங்கள் தொடக்கப்பள்ளியைப் புதுப்பிக்கிறார்கள். வகுப்பறைச் சுவரில் 4 அடி வரை டைல்ஸ் ஒட்டுவார்களாம். சுத்தமாக இருக்கும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?
– ஆசிரியை, அரூர்

பதில்: நான்கு சுவருக்கும் வேண்டாம். செயல்வழிக் கற்றல் வந்தபோது பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுதுவதற்குச் சுவரின் கீழே கரும்பலகைப் பட்டை தீட்டினார்களே, டைல்ஸ் அதைத்தான் முதலில் விழுங்கும். ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பில் குழு குழுவாக உட்காரும் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டை இன்றும் தேவை. டைல்ஸால் எதிரொலியும் கூடும். நான்கு குழுக்கள் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாது. டைல்ஸை வாசல் பக்கச் சுவரோடும் தண்ணீர்ப் பானை வைக்கும் மூலையோடும் நிறுத்துங்கள். பின்சுவரில் சாஃப்ட் போர்டு அடித்தால் எதிரொலி கொஞ்சம் அடங்கும், பிள்ளைகளின் வேலைகளைக் குத்திவைக்கவும் ஆகும்.

மீதிச் சுவர்களில் பட்டை தரையிலிருந்து 1 அடியில் தொடங்கி 3½ அடி வரை இருக்கட்டும். பழைய பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, வெடிப்புகளில் பட்டி வைத்து, கரும்பலகை பெயின்ட் இரண்டு கோட் அடிக்க வேண்டும். முதல் கோட் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். டைல்ஸ் வேலைக்கு ஆள் வருவதற்கு முன்பே, எங்கே ஒட்டக் கூடாது என்பதைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள்.