‘துடிப்பான பகுதி’ என்பதன் உட்பொருள் என்ன?

அமெரிக்க வீட்டு விளம்பரங்கள் சில நகர்ப்பகுதிகளை ‘துடிப்பானவை’, ‘மாறிவருபவை’ என்று வருணிப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கறுப்பினத்தவரோ குடியேறியவர்களோ மிகுதியாக வாழும் இடங்களையே அவை பெரும்பாலும் சுட்டுகின்றன. இச்சொற்கள், மங்கலமற்றதை மங்கலமாகச் சொல்வதாக நம் இலக்கணம் கூறும் மங்கல வழக்குப்போல் தோன்றினாலும், உண்மையில் ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் புரியும்படி வழங்கும் குழூஉக்குறிக்கே நெருக்கமானவை. 1930களில் கூட்டரசின் வீட்டுக்கடன் நிறுவனம் வரைந்த வரைபடங்கள் இத்தகைய பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணமிட்டு, கடன் கொடுக்க ‘அபாயகரமானவை’ என்று வெளிப்படையாகவே தரம் பிரித்தன. 1968-ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் இனச் சார்பைக் காட்டும் விளம்பரங்களைத் தடைசெய்தது. அதன்பின் அதையே ஜாடையாகச் சொல்ல வேண்டியதாயிற்று. ‘உள்நகரம்’ என்ற சொல் வெறும் இடத்தைக் குறிப்பதுபோல் பாவனை செய்தாலும், நகர மையத்திலுள்ள செல்வந்த வெள்ளையர் குடியிருப்பை எவரும் அப்படி அழைப்பதில்லை என்பதே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. என் பார்வையில் ‘வளர்ந்துவரும் பகுதி’ என்பதே இவற்றுள் மோசமானது. ஏற்கெனவே அங்கு வாழ்பவர்களை அது கணக்கிலேயே சேர்ப்பதில்லை.