ஈரக்குடைக்கு ஒரு ஸ்டாண்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, குன்னூர் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளில ஏழாங்கிளாஸ் எடுக்கறேன். பிள்ளைங்களுக்கு டிசைன் மாதிரி உருப்படியா ஒரு கைவேலை சொல்லிக்கொடுக்கணும்னு ஆசை. ஆனா அஞ்சு பிள்ளைங்க எஸ்டேட் வேலைக்கு ஜார்க்கண்ட்ல இருந்து வந்த வீட்டுப் பிள்ளைங்க, வந்து நாலு மாசம்தான் ஆச்சு, தமிழ் இன்னும் பிடிபடல. எங்க இருந்து தொடங்கறது?

பதில்: டீச்சர், டிசைன்னா அழகா படம் வரையறதுன்னுதான் பிள்ளைங்க நெனைப்பாங்க, மொதல்ல அத மாத்துங்க. யாருக்கோ தெனமும் ஒரு தொந்தரவு இருக்கு, அத உக்காந்து கவனிச்சு, ஒண்ணு செஞ்சு பாத்து, சரிவரலன்னா பிரிச்சுப்போட்டு மறுபடி செய்யறது, அவ்வளவுதான் டிசைன். இதுக்கு பேச்சு கம்மியா இருந்தாலும் போதும், கண்ணும் கையும் வேணும்.

நான் வேலை பாத்த ஸ்கூல்ல ஐப்பசி மழைல நடந்தத சொல்றேன். வராண்டா பூரா ஈரக்குடை, கீழ குளம் மாதிரி தண்ணி, ரெண்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன் வழுக்கி விழுந்து முட்டி பேந்துடுச்சு. இதையே எடுத்துக்கலாம், ஈரக்குடை வெக்க ஒரு ஸ்டாண்டு செய்யலாம்னு ஏழாங்கிளாஸ்கிட்ட சொன்னேன், ஆனா ஒரு நாள் முழுக்க யாரும் பென்சில தொடக்கூடாது, யார் குடைய எங்க வெக்கறாங்க, சின்னப் பிள்ளைங்க கை எவ்வளவு உயரம் எட்டுதுன்னு பாத்துட்டு மட்டும் வாங்கன்னேன். அடுத்த நாள் பழைய காலண்டர் பின்பக்கம் வரைஞ்சாங்க, அதுக்கடுத்த நாள் கடையில வாங்கின அட்டைப்பெட்டிய வெட்டி ஒட்ட ஆரம்பிச்சா, நம்ம ஊர் ஈரத்துக்கு செல்லோடேப் எங்க ஒட்டுது, ஒட்ட ஒட்ட பிச்சுக்கிட்டு வந்துச்சு.

அப்போதான் எங்க கிளாஸ்லயும் இருந்த ஒரு ஜார்க்கண்ட் பொண்ணு எந்திரிச்சா, ரெண்டு மாசமா கிளாஸ்ல வாயே திறக்காத பிள்ளை. வௌக்கமாத்துல இருந்து ஒரு ஈர்க்குச்சிய உருவி, துண்டு துண்டா ஒடிச்சு, அட்டையோட ஓரத்த மடிச்சு குத்தி குத்தி கோத்துட்டா. பசையும் இல்ல, டேப்பும் இல்ல, இழுத்துப் பாத்தா அசையல. எப்படிடீன்னு கேட்டா "தோனா"ங்கறா, அவங்க ஊர்ல சால் மரத்து இலைய இப்படித்தான் குச்சி குத்தி கிண்ணமா செய்வாங்களாம். நம்ம பிள்ளைங்க "அட, தொன்னை!"ன்னு கத்தினாங்க பாருங்க, அன்னைக்கு அவ மூஞ்சிய நான் இன்னும் மறக்கல.

அட்டை ஸ்டாண்டு ஒரே மத்தியானத்துல ஊறி உக்காந்துடுச்சு. அது நல்லதுதான், ஊறினதாலதான் ரெண்டாவது தடவை மூங்கில் பட்டைக்கு போனாங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு கீழ தனி வரிசை வெச்சாங்க, தண்ணி பிடிக்க எண்ணெய் டின்ன பாதியா வெட்டி அடில வெச்சாங்க. அவளுக்கு மொதல்ல வந்த தமிழே "குட்டை", "இன்னும் கொஞ்சம்", "பிடி" இதெல்லாம்தான், புத்தகத்துல இருந்து வரல.

அதனால டீச்சர், அஞ்சு பேரையும் ஒரே பெஞ்சுல ஒதுக்கிடாதீங்க, ஆனா தனித்தனியாவும் பிரிக்காதீங்க, ஒரே பாஷை பேசற ரெண்டு பேராவது ஒரு குழுல இருக்கட்டும், யோசிக்கறத அவங்க பாஷைலயே யோசிக்கட்டும். உங்க வீட்ல இத எப்படி செய்வாங்கன்னு அவங்ககிட்ட கேளுங்க, கேட்டுட்டு அத ஸ்டாண்டுல சேக்கவும் செய்யுங்க.

நம்ம நீலகிரி தோடர் மக்கள் துணில போடற பூவேலைய காட்டலாமான்னு தனியா கேட்டிருந்தீங்க, கண்டிப்பா காட்டுங்க. வெள்ளைத் துணில கறுப்பும் சிவப்பும், துணில மொதல்ல வரைஞ்சுக்காம நூல எண்ணி எண்ணியே போடறது, அத விட நல்ல கணக்குப் பாடம் இல்ல. ஆனா எண்ணிப் பாக்கறதோட நிறுத்திக்கோங்க, அதே டிசைன பையில போட்டு ஸ்கூல் விழால விக்கறது வேண்டாம், அது அவங்க சொத்து, இது இவங்களோடதுன்னு அரசாங்கம் பதிவு பண்ணித் தர்ற புவிசார் குறியீட 2013லயே வாங்கியாச்சு.

கேள்வி: இப்படி அட்டை வெட்டிட்டு இருந்தா கணக்கு, சயின்ஸ் எல்லாம் என்ன ஆகறது? (கோத்தகிரில இருந்து ஒரு அப்பா)

பதில்: அண்ணா, குடை எவ்வளவு நீளம், பெட்டி எவ்வளவு அகலம், எத்தனை குடை அடங்கும், இது பூரா கணக்குதான். இன்னொண்ணு சொல்றேன், ஜார்க்கண்ட்ல ஒராவோன் மக்கள் பேசற குருக் மொழி நம்ம திராவிடக் குடும்பம்தான், மூணுக்கு "மூந்த்"னு சொல்வாங்க, கண்ணுக்கும் நம்ம கண்ணு மாதிரியே ஒரு சொல்லு. அந்த வீட்டுப் பிள்ளையும் உங்க பிள்ளையும் ஒரே ஸ்கேல பிடிச்சு ஆளுக்கொரு பாஷைல எண்ணினா ரெண்டு பேருக்குமே லாபம் அண்ணா.

கேள்வி: பன்னெண்டு வயசுப் பிள்ளை கைல கட்டர் குடுக்கலாமா அக்கா?

பதில்: குடுக்கலாம், ஆனா எண்ணிக் குடுத்து எண்ணி வாங்குங்க. ஸ்டீல் ஸ்கேல் வெச்சுதான் வெட்டணும், ஸ்கேல பிடிக்கற விரல் ஓரத்த தாண்டக்கூடாது, ஒரே அழுத்துல வெட்டாம மூணு நாலு தடவை லேசா இழுக்கணும். மழைநாள்ல அட்டை நமுத்துப் போயிருந்தா கட்டர் வழுக்கும், அன்னைக்கு கத்திரிக்கோல் மட்டும் குடுங்க.