உவர்நீர் மீன்களைக் கடல்நீருக்குப் பழக்குதல்: கேள்வி பதில்

பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊர்களில் உவர்நீர் (நன்னீரும் கடல்நீரும் கலந்த நீர்) மீன் வளர்ப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, தடாவில் பல ஆண்டுகளாக இம்மீன்களைத் தொட்டியில் வளர்த்துவரும் அனுபவத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, நான்கு ஸ்கேட் (scat என்னும் உவர்நீர் மீன்) குஞ்சுகளை உப்பு குறைந்த நீரில் வளர்க்கிறேன். அவற்றை ஒரே நாளில் கடல்நீருக்கு மாற்றிவிடலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். சரிதானா? (சூலூர்ப்பேட்டை)

ஒரே நாளில் மாற்றினாலும் சில ஸ்கேட் பிழைத்துக்கொள்ளும் என்பதால்தான் இந்த யோசனை இன்னும் சொல்லப்பட்டு வருகிறது. ஆனால் மீனின் உடலுக்குள் நடப்பதைப் பாருங்கள். நன்னீரில் இருக்கும் மீனின் உடலுக்குள் நீர் தானாகவே புகும். அதை மீன் சிறுநீராக வெளியேற்றிவிட்டு, செவுள்களின் வழியே உப்பை உள்ளிழுத்துக்கொள்ளும். கடல்நீரில் இதெல்லாம் தலைகீழாகிறது. உடலிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும் என்பதால் மீன் கடல்நீரைக் குடித்து, அதிலுள்ள மிகுதி உப்பைச் செவுள்களிலுள்ள தனி உயிரணுக்களின் வழியே வெளியே தள்ள வேண்டும். அந்த உயிரணுக்கள் புதிய வேலைக்கு ஏற்ப மாறுவதற்குப் பல நாட்கள் ஆகும். அந்த அவகாசத்தை மீனுக்குக் கொடுப்பதைத்தான் பழக்குதல் என்கிறோம். வாரத்துக்கு ஒப்படர்த்தியில் (நன்னீரை 1 என்று கொண்டு நீரின் அடர்த்தியைக் காட்டும் எண்; உப்பு ஏற ஏற இது கூடும்) 0.002 அளவுக்கு மேல் உயர்த்தாதீர்கள். 1.005இல் தொடங்கினால் கடல்நீருக்கு ஒத்த 1.023ஐ எட்ட ஒன்பது வாரங்கள் ஆகும். ஒவ்வொரு முறை உப்பு ஏற்றிய மறுநாள் காலையிலும், உணவு போடுவதற்கு முன், தொட்டியின் எதிரே ஐந்து நிமிடம் உட்கார்ந்து செவுள் மூடிகளைக் கவனியுங்கள். முந்தைய வாரத்தைவிட வேகமாக அவை அடித்தாலோ, துடுப்புகளை மடக்கிக்கொண்டு மீன் மூலையில் நின்றாலோ, அந்த வாரம் உப்பை உயர்த்தாமல் அப்படியே விட்டுவிடுங்கள். ஸ்கேட்டின் முதுகு முள்ளில் நஞ்சு உண்டு. வலையில் எடுக்கும்போது வெறுங்கையால் தொட வேண்டாம்.

என் தொட்டி 100 லிட்டர். வாரத்துக்கு எவ்வளவு உப்பு? (தடா)

ஒப்படர்த்தியில் 0.002 உயர்வதற்கு 100 லிட்டருக்கு ஏறத்தாழ 300 கிராம் கடல் உப்புக் கலவை வேண்டும். வாரந்தோறும் 20 லிட்டர் நீரை வெளியே எடுக்கும்போது அதிலிருந்த உப்பும் போய்விடும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 1.005 நிலையில் அந்த 20 லிட்டரில் சுமார் 150 கிராம் இருக்கும். ஆகவே புதிய 20 லிட்டரில் 450 கிராம் கரைத்து, ஒரு நாள் முழுவதும் ஏர் பம்ப் ஓடவிட்டு, அதன்பின் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். உலர்ந்த உப்பை மீனுள்ள தொட்டியில் ஒருபோதும் கொட்டாதீர்கள். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நன்னீரை மட்டுமே ஊற்றுங்கள். நீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.

கல் உப்பு மலிவாகக் கிடைக்கும்போது கலவை எதற்கு? (ஆரம்பாக்கம்)

உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கால்சியத்தின் பெரும்பகுதி ஜிப்சமாக முன்னமே படிந்துவிடும். மெக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். இடையில் வாரி எடுக்கும் கல் உப்பு ஏறக்குறைய சோடியம் குளோரைடு மட்டுமே. அதனால் கடல்நீரின் காரத்தன்மையை நிலைநிறுத்த முடியாது. சில நாள் மருத்துவக் குளியலுக்கு அது போதும். மீன் ஆண்டுக்கணக்கில் வாழப்போகும் நீருக்குப் போதாது.

உப்பை மெதுவாகத்தான் ஏற்றினேன். ஆனாலும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. (சத்தியவேடு)

முதலில் மீன் கழிவிலிருந்து உண்டாகும் நஞ்சான அம்மோனியாவை அளந்து பாருங்கள். தொடக்கக் காலத்தில் நானும் மீனை மட்டுமே கவனித்து, பில்டரை மறந்து, மோனோ என்னும் உவர்நீர் மீன்கள் ஆறை ஒரே வாரத்தில் இழந்தேன். அந்த வருத்தம் இன்றும் எனக்கு இருக்கிறது. பில்டரின் ஸ்பாஞ்சில் வாழ்ந்து கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் உயிர்கள்தாம். உப்பு ஏறும்போது அவையும் தளர்ந்துபோகின்றன. கடல்நீரின் காரத்தன்மை கூடுதல் என்பதால், அதே அளவு அம்மோனியாவும் அங்கே அதிக நஞ்சாகிறது. போதாக்குறைக்கு, வெப்பமும் உப்பும் சேர்ந்த நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும்; நம் பக்கத்துக் கோடையில் 30 டிகிரி என்பது தொட்டிக்குச் சாதாரணம். இன்றே தொட்டியிலுள்ள அதே உப்பளவில் கலந்த நீரைக் கொண்டு மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள், காற்றுக் குமிழியைக் கூட்டுங்கள், உணவைப் பாதியாக்குங்கள். அம்மோனியாவின் அளவு பூஜ்யத்துக்கு வந்து ஒரு வாரம் ஆகும்வரை உப்பை உயர்த்த வேண்டாம்.

ஏரி நீரையே எடுத்துப் பயன்படுத்தலாமா? (ஆரம்பாக்கம்)

வேண்டாம். மழைக்காலத்தில் ஆரணி ஆறும் காளங்கியும் கொண்டுவரும் வெள்ளத்தில் ஏரியின் உப்பு வெகுவாகக் குறையும்; கோடையில் முகத்துவாரம் தூர்ந்துபோனால் கடலைவிடவும் உப்பேறும். ஒட்டுண்ணிகளும் கூடவே வந்துசேரும்.

கரிமீனையும் செல்லக்காசையும் முழுக் கடல்நீருக்கு மாற்ற ஆசைப்படுகிறேன். (கும்மிடிப்பூண்டி)

இரண்டும் உவர்நீரில் இனப்பெருக்கம் செய்யும் மீன்கள். கரிமீன் கடல்நீரையும் தாங்கும், ஆனாலும் 1.010 அளவில் இவை நன்றாக இருக்கும்போது மாற்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை என்பதே என் கருத்து. இரண்டையும் ஒரே பெரிய தொட்டியில் விடுங்கள். கரிமீன் தலையைச் சற்றுச் சாய்த்து அசையாமல் நிற்க, சின்னஞ்சிறு செல்லக்காசுகள் அதன் துடுப்பு ஓரங்களைக் கொத்திச் சுத்தம் செய்வதை ஒருநாள் காண்பீர்கள்.