கட்டையில் என்ன குறி போடலாம்? ரூன் செய்பவர்களுக்குக் கேள்வி பதில்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து ரூன் கட்டை செதுக்கத் தொடங்கிப் பதினொரு வருடமாகிறது. பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால் எல்லோருக்கும் நான் ரீச்சர்தான். ரூன் என்பது வட ஐரோப்பாவின் பழைய எழுத்து. ஒவ்வோர் எழுத்துக்கும் மாடு, ஆலங்கட்டி, சூரியன் என்று ஒரு பெயர் உண்டு. அவற்றை மரத்துண்டில் பொறித்துப் பையில் போட்டு, ஒரு கேள்வியை நினைத்துக்கொண்டு எடுத்துப் பார்ப்பது இன்றைய வழக்கம். கைவினை செய்கிற நம்மவர்கள் கேட்டு அனுப்பியவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஏறாவூரிலிருந்து: ரீச்சர், 24 எழுத்தையும் அப்படியே எடுப்பதா, நானே குறிகளை உருவாக்குவதா?

இரண்டும் சரி. இரண்டையும் கலக்காதீர்கள். 24 எழுத்து வரிசைக்கு மூத்த ஃபுதார்க் என்று பெயர். முதல் ஆறு எழுத்தின் ஒலிகளைச் சேர்த்தால் வருவது அது. சுவீடனின் கொட்லாந்து தீவில் கிடைத்த கில்வர் கல்லில், கி.பி. 400 அளவிலேயே, இந்த வரிசை முழுதாக வெட்டப்பட்டிருக்கிறது. வைக்கிங் காலத்தில் அது 16 ஆகச் சுருங்கியது. இங்கிலாந்தில் முப்பதையும் தாண்டியது. பிடிக்காத நாலை நீக்கிவிட்டுச் சொந்தமாக நாலைச் சேர்த்தால், அது அந்த அரிச்சுவடியாகவும் இருக்காது, உங்கள் வீட்டுக் குறியாகவும் இருக்காது.

சொந்தமாகச் செய்வதென்றால் ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்குள் நிறுத்துங்கள். கையில் வந்த குறியைப் பற்றிப் புத்தகம் திறக்காமல் ஐந்து நிமிடம் பேச வருகிறதா என்று பாருங்கள். பேச வராத குறிக்குப் பையில் இடமில்லை. நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்.

வாழைச்சேனையிலிருந்து ஓர் அண்ணன்: இது வெள்ளைக்காரரின் சாமான். நமக்கு எதற்கு?

அண்ணன், நம்முடைய ஒரு சொல்லை எடுத்துப் பாருங்கள். பட்டிக்காரர் மாட்டுக்குச் சுடுவது குறி. குறத்தி கை பார்த்துச் சொல்வதும் குறி. அடையாளத்துக்கும் வருவது சொல்வதற்கும் தமிழில் ஒரே சொல்தான். ரூன் வரிசையில் முதல் எழுத்து ஃபெஹு. அதன் பொருளே மாடு, அதாவது செல்வம். அதைப் படித்த அன்று நான் எழுந்துபோய்க் குசினிக் கதவுக்குப் பின்னால் தொங்கிய குறிக்கம்பியைக் கழற்றிப் பார்த்தேன். அம்மாவின் அப்பாவுடையது. அரைப்பிறை, அதன் கீழே ஒரு கோடு. முனை துருப்பிடித்துச் சற்று வளைந்திருந்தது. என் சொந்தத் தொகுதியின் முதல் கட்டையில் அந்தக் குறியைத்தான் சுட்டேன், அந்த வளைவோடேயே.

பூக்கட்டிப் பார்ப்பதும் திருவுளச்சீட்டு எடுப்பதும் நமக்குப் புதிதில்லை. அதனால் ரூன் செய்பவர் பிறர் வீட்டுப் பொருளைத் தூக்கிவந்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த எழுத்துகள் எங்கே பிறந்தவை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி: நம்ம ஊருக்கு என்ன குறி பொருந்தும்? உங்களுடையதைச் சொல்லுங்க ரீச்சர்.

பதின்மூன்றையும் தந்தால் நீங்கள் என்னுடையதையே செதுக்குவீர்கள் மகள். சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஆற்றுவாய். இரண்டு படுக்கைக் கோடு, நடுவில் இடைவெளி, அவ்வளவுதான். மாரியில் வாவி நிரம்பி வயலும் வளவும் தண்ணீரில் நிற்கும்போது முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். வெள்ளம் வடியும். அதே வாயால் உப்புத்தண்ணீர் உள்ளே வரும். ஒரு கேள்விக்கு இந்தக் கட்டை வந்தால் எனக்கு இரண்டும் ஞாபகம் வரும்: திறந்துவிட்டால் எது போகும், எது வரும்? ஒரு குறிக்குள் இப்படி இரண்டு முகம் இருக்க வேண்டும். நல்லது மட்டும் சொல்கிற குறியை இரண்டாம் தடவை எடுக்கும்போதே அலுத்துவிடும்.

கொம்பு. ஒன்றுக்குள் ஒன்று மாட்டிய இரண்டு கொளுக்கி. கொம்புமுறி விளையாட்டில் வடசேரியும் தென்சேரியும் கொம்பைக் கொளுவி இழுப்பார்களே, அதுதான். ஒரு கொம்பு முறிந்தே ஆகும். ஆனால் இழுத்த இரண்டு பக்கமும் ஒரே அம்மனுக்காக இழுத்தவர்கள். வீட்டுச் சண்டை, காணிச் சண்டை, சகோதரச் சண்டை எல்லாவற்றுக்கும் இதைவிடப் பொருத்தமான குறி எனக்குக் கிடைக்கவில்லை.

சிலம்பு. வட்டம், உள்ளே ஒரு புள்ளி. கண்ணகிக்கு வைகாசிச் சடங்கு நடக்கிற ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. உடைத்துப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று தெரியும்.

கதிர், தோணி, உப்பு, கிடுகுவேலி என்று மிச்சத்தை உங்கள் வளவைச் சுற்றி நடந்தே எடுத்துவிடலாம்.

கல்முனையிலிருந்து: கடலோரம் இருக்கிறோம். அலையைக் குறியாகப் போடலாமா? போட மனம் தயங்குகிறது.

தயங்கினால் போடாதீர்கள். நான் ஒருமுறை பிழை விட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்குத் தொகுதி செய்து கொடுத்தபோது மூன்று அலைக்கோடு சுட்ட கட்டை ஒன்றையும் சேர்த்திருந்தேன். வடிவாக வந்த கட்டை அது. அவர் மேசையில் பையை அவிழ்த்து முதலாவதாக எடுத்தது அதையே. ஒன்றும் பேசவில்லை. கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். 2004 டிசம்பர் 26 அவர் வீட்டில் என்ன செய்தது என்று எனக்குத் தெரியும்; தெரிந்தும் யோசிக்காமல் விட்டேன். அடுத்த நாள் அந்தக் கட்டையைத் திருப்பி வாங்கித் தோணி சுட்டுக் கொடுத்தேன்.

நீங்கள் பார்த்துப் பேசக்கூடிய குறியா என்பது ஒன்று. உங்கள் பைக்குள் கையை விடப் போகிறவர் பார்க்கக்கூடியதா என்பது இன்னொன்று. 1978 நவம்பர் சூறாவளியை நான் என் தொகுதியில் வைத்திருக்கிறேன், சுருளாக. எங்கள் தென்னைகள் சரிந்து கிடந்ததைப் பார்த்தவள் நான், அதைப் பற்றி என்னால் பேச முடியும். இன்னொருவருக்குச் செய்யும்போது அதைச் சேர்ப்பதில்லை.

கொக்கட்டிச்சோலையிலிருந்து: ஆலங்கட்டி, உறைபனி என்றெல்லாம் எழுத்துக்குப் பெயர் இருக்கிறது. நாம் காணாத பனியை வைத்து என்ன செய்வது?

24ஐ எடுத்தீர்களென்றால் பெயரை மாற்றாதீர்கள், கொஞ்சம் படித்துப் பாருங்கள். பெயர்களின் பொருளுக்கு நமக்குள்ள முக்கிய ஆதாரம் பின்னாளில் எழுதப்பட்ட மூன்று கவிதைகள்: பழைய ஆங்கிலத்தில் ஒன்று, நோர்வேயில் ஒன்று, ஐஸ்லாந்தில் ஒன்று. ஆங்கிலக் கவிதையின் ஏடு 1731 தீயில் எரிந்துபோனது. 1705இலேயே அச்சிட்டு வைத்திருந்ததால்தான் தப்பியது. அதில் ஆலங்கட்டியைத் தானியங்களில் மிக வெண்மையானது என்கிறார்கள்: வானத்திலிருந்து சுழன்று விழும், பிறகு தண்ணீராகிவிடும். அடிக்கிறபோது கல், கிடக்கிறபோது தண்ணீர். பனி காணாதவருக்கும் இது விளங்கும். விளங்காவிட்டால் சொந்தக் குறிக்குப் போங்கள்.

கல்லாறிலிருந்து ஒரு மாணவன்: தமிழ் எழுத்தையே ரூனாகப் பாவிக்கலாமா ரீச்சர்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி தம்பி. ரூன் எழுத்தில் வளைவும் படுக்கைக் கோடும் அநேகமாக இல்லாததற்குக் காரணம் மரம். கத்தியால் வெட்டும்போது வளைவு வராது, நாரோடு போகிற கோடு மறைந்துவிடும். ஆகவே நேர்கோடும் சாய்கோடும்தான். நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் எழுதி வளைந்தது. நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும் என்பார்கள். கத்தியை வைத்துவிட்டுச் சுட்ட கம்பியை எடுங்கள், வளைவு சுகமாக வரும். மரத்துண்டில் படுக்கைக் கோடும் அப்போது பிரச்சினை இல்லை.

ரூன் எழுத்துக்குப் பெயர் உண்டு, அந்தப் பெயர் அநேகமாக அந்த ஒலியிலேயே தொடங்கும். நமக்கு அம்மா, ஆடு, இலை என்று பாலர் வகுப்புச் சுவரில் தொங்கிய படம் அதே வேலையைச் செய்தது. ஆகவே பன்னிரண்டு உயிரெழுத்துக்கும் நீங்களே ஒரு சொல் தேடுங்கள். நான் ஒருநாள் மாலை எழுதிப் பார்த்தது: அடுப்பு, ஆறு, இருள், ஈரம், உப்பு, ஊர், எருது, ஏணி, ஐயம், ஒழுங்கை, ஓடம், ஔடதம். ஒழுங்கை வந்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. பெரிய றோட்டில்லை, சந்தில் திரும்பினால் யார் வீட்டு வேலி வரும் என்று தெரிந்த பாதை. அதைவிட நல்ல வழிக்குறி வேறு எங்கே கிடைக்கும்?

இரண்டு விடயம் கவனிக்க வேண்டும். எ, ஏ இரண்டுக்கும் ஒரு சிறு கோடுதான் வித்தியாசம். ஒ, ஓ இரண்டுக்கும் ஒரு சிறு சுழிதான். ஓர் அங்குலக் கட்டையில் விளக்கு வெளிச்சத்தில் மாறிப்போகும். கை நீட்டிப் பிடித்துப் பார்த்துத் தடுமாறினால் ஒன்றைக் கைவிடுங்கள். அடுத்தது, உ. அது பிள்ளையார் சுழியும் ஆகும். எங்கள் வீட்டில் அதை உப்பு என்று எடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. தொடக்கம் என்றே வைத்துவிட்டோம்.

வாகரையிலிருந்து: என்ன மரம் நல்லது? கண்டல், சிரட்டை, சிப்பி சரிவருமா?

கி.பி. 98இல் ரோமர் டாசிட்டஸ் ஜெர்மானியரின் சீட்டெடுப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். காய்க்கிற மரத்தில் ஒரு கொப்பை வெட்டி, சிறு துண்டுகளாக்கி, அடையாளம் இட்டு, வெள்ளைத் துணியில் தூவி, வானத்தைப் பார்த்துக்கொண்டு மூன்றை எடுப்பார்களாம். அந்த அடையாளங்கள் ரூன்தான் என்று அவர் சொல்லவில்லை. காய்க்கிற மரத்துக்கு நம் பக்கம் என்ன குறைச்சல்? நான் பாவிப்பது வேலியில் நிற்கும் பூவரசு. பச்சையாக வெட்டி வெயிலில் வைத்தால் நடுவிலிருந்து வெடிக்கும். கொப்பை முழுதாகவே நிழலில் ஒரு மாதம் விட்டு, பிறகு ஹக்சோவால் கால் அங்குலத் தடிப்பில் அறுங்கள்.

சிரட்டை பார்க்க அழகு, ஆனால் வளைவானது. தூவினால் ஆடிவிட்டு எப்போதும் ஒரே பக்கம்தான் உட்காரும். பையிலிருந்து எடுப்பதற்கு மட்டும் சரி. சிப்பி ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு, விரலே அடையாளம் கண்டுபிடித்துவிடும். கண்டலை வெட்டாதீர்கள். வாவிக்கரையில் அது நிற்பதே போதும்.

வெற்றுக்கட்டை ஒன்று வைக்க வேண்டுமாமே?

வேண்டாம். 1982இல் வந்த ஓர் அமெரிக்கப் புத்தகத்தோடு பரவிய வழக்கம் அது. ஒன்று தொலைந்தால் பதிலுக்குச் சுட, குறியில்லாத கட்டை ஒன்றை வெளியே எடுத்து வையுங்கள்.

செங்கலடியிலிருந்து: தலைகீழாக வந்தால் எதிர்ப்பொருளா?

அது இக்காலத்தில் சேர்த்த முறை. விரும்பினால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் 24இல் ஒன்பது எழுத்து திருப்பினாலும் அதே மாதிரியே இருக்கும். சொந்தக் குறியென்றால் முதலிலேயே முடிவெடுங்கள். திருப்பிப் பார்ப்பதானால் அடியில் ஒரு சிறு புள்ளி போடுங்கள். நான் பார்ப்பதில்லை. ஆற்றுவாய்க்குள் இரண்டு முகமும் இருக்கிறதே.

பொத்துவிலிலிருந்து: அறுகம்பையில் வெளிநாட்டவருக்குப் பதக்கம் செய்து விற்கிறேன். எது கூடாது?

சூரிய ரூனாகிய சோவிலோவை ஒன்றாகப் போடலாம், இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போடக்கூடாது. அது ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் சின்னம். ஒத்தாலா என்ற ரூனின் கால் நுனிகளில் சிறகு மாதிரி வளைவு சேர்த்த வடிவமும் அப்படித்தான், எஸ்.எஸ். பிரிவொன்று அணிந்தது. இணையத்தில் படம் எடுத்துச் செதுக்கும்போது இவை தெரியாமல் வந்துவிடும். வாங்குபவர் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போவார், உங்களுக்குக் காரணம் தெரியாது.

காத்தான்குடியிலிருந்து ஒரு தங்கச்சி: அம்பெறிந்து குறி பார்ப்பதைக் குர்ஆன் தடுக்கிறது. கேட்கிறவருக்குச் செதுக்கி மட்டும் கொடுக்கலாமா?

அதை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள், நான் சொல்லக்கூடியதில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: ரூன் முதலில் எழுத்து. டென்மார்க்கில் கிடைத்த கி.பி. 160 அளவிலான சீப்பு ஒன்றில் ‘ஹர்யா’ என்று ஒரு சொல் பொறித்திருக்கிறது, சீப்புக்குச் சொந்தக்காரரின் பெயராக இருக்கலாம் என்கிறார்கள். பெயர்ப்பலகை, சாவிக்கொத்து என்று செய்தால் குறி பார்க்கும் பேச்சே இல்லை. உங்கள் கை நுணுக்கத்துக்கு அது நல்ல வேலை.

திருக்கோவிலிலிருந்து: பலிக்குமா ரீச்சர்?

நாளைக்கு நடப்பதை இந்தக் கட்டை சொல்லும் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. ஒரு கேள்வியை அரை மணித்தியாலம் விடாமல் யோசிக்க எனக்கு உதவுகிறது. நோய்க்கும் வழக்குக்கும் பையைத் திறக்க மாட்டேன்.

மண்டூரிலிருந்து: செய்து முடித்த பிறகு ஒரு குறி பிடிக்காமல் போனால்?

மாற்றலாம். அதற்காகத்தான் தூவுவதற்கு முன்பே ஒவ்வொரு குறிக்கும் பொருளைக் கொப்பியில் எழுதித் திகதி போடச் சொல்கிறேன். எடுத்த பிறகு பொருள் தேடினால் நமக்கு வேண்டியதைத்தான் தேடுவோம். ஒரு வருடம் பாவித்துவிட்டுக் கொப்பியைத் திறந்து பாருங்கள். எழுதியதற்கும் இப்போது உங்களுக்குத் தோன்றுவதற்கும் ஒட்டே இல்லையென்றால் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். பழைய கட்டையை அடுப்பில் போட எனக்கு மனம் வருவதில்லை. இதுவரை மூன்றை முற்றத்துச் செவ்வரத்தையின் அடியில் புதைத்திருக்கிறேன்.