வேலையை விட்டால் மனம் அடங்கிவிடுமா?

கேள்வி: தினமும் அதிகாலை நாலரைக்கு எழுந்து ஜெபிக்க உட்காருகிறேன். ஐந்து நிமிஷம்கூட மனம் நிற்பதில்லை. பால் பாக்கெட், கரண்ட் பில், பையனின் நீட் மார்க், ஆபீஸில் ஆடிட், வாட்ஸ்அப் என்று வரிசைகட்டி வந்துவிடுகின்றன. ஞாயிறு ஆராதனையில் பொங்குகிற பரலோக நம்பிக்கை திங்கட்கிழமை பஸ் ஏறும்போது இருப்பதில்லை. படுக்கப் பதினொன்றரை ஆகிறது. அதுவரை கடைசிக்காலத் தீர்க்கதரிசன வீடியோக்கள்தான் பார்க்கிறேன், வேறு வீண் பொழுதுபோக்கு எதுவும் இல்லை. வங்கி வேலையை ராஜினாமா செய்துவிட்டு முழுநேரமும் ஆண்டவருக்கென்று இருந்தால் இந்தச் சிதறல் தீருமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: தீராது. ராஜினாமா கடிதம் எழுதியிருந்தால் கிழித்துப்போடுங்கள்.

தெசலோனிக்கே சபையை நினைத்துப் பாருங்கள். கர்த்தருடைய நாள், அதாவது கிறிஸ்து திரும்பி வரும் நாள், வந்துவிட்டது என்ற பரபரப்பு அங்கே இருந்தது. அதைத் தணிக்கத்தான் பவுல் இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எழுதுகிறார். அடுத்த அதிகாரத்திலேயே, சிலர் “யாதொரு வேலையும் செய்யாமல், வீண் அலுவற்காரராய்” திரிகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கண்டிக்கிறார். வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்ற கண்டிப்பான வார்த்தை அங்கேதான் வருகிறது. வேலையை விட்டவர்களுக்கு மனம் ஒருமுகப்படவில்லை, ஊர்வம்புதான் மிஞ்சியது. நீங்கள் வேலையை விட்டாலும் கரண்ட் பில் வரும். அதைக் கட்டப் பணம் இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம். பால், பில், மார்க், ஆடிட் இவற்றில் ஒன்றுகூடப் பாவமில்லை. ஆனாலும் ஆபத்து உண்டு. லூக்கா 21:34-இல் இருதயத்தைப் பாரமாக்குகிறவை என்று ஆண்டவர் மூன்றைச் சொல்கிறார்: பெருந்திண்டி, வெறி, லவுகீக கவலைகள். குடிவெறிக்குப் பக்கத்திலேயே வீட்டுக் கவலையை வைத்துவிட்டார். குடிக்கிறவரைப் போதகர் வீடு தேடி வந்து கண்டிப்பார். கவலைப்படுகிற தாயைப் ‘பொறுப்பானவள்’ என்று சபையே மெச்சும். அதனால்தான் இது எளிதில் பிடிபடுவதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறொன்று. மனம் எங்கெங்கே போகிறது என்று விலாவாரியாக எழுதியிருக்கிறீர்கள். எதில் நிற்க வேண்டும் என்பதற்கு ‘பரலோக நம்பிக்கை’ என்ற இரண்டே வார்த்தை. மனம் தான் எதிர்பார்க்கிற காரியத்தைத்தான் சுற்றும். பையனின் மருத்துவ சீட்டை உங்களால் முகத்தோடு, டாக்டர் கோட்டோடு, கல்லூரி வாசலோடு கற்பனை செய்ய முடிகிறது. உயிர்த்தெழுதலை அப்படி நினைத்துப் பார்த்ததுண்டா? அதைப் பற்றி ஒரு சித்திரமும் இல்லாத மனதை அதில் நிற்கச் சொன்னால் எப்படி நிற்கும்?

இதில் நம் சபைகளின் பங்கும் உண்டு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில், வரும் வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனமாக எடுக்கிற வாக்குத்தத்த அட்டையைப் பாருங்கள். எரேமியா 29:11 அநேகம் பேர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது: “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே.” அதற்கு முந்தின வசனத்தை யாரும் அட்டையில் அச்சிடுவதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் என்கிறது அது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யூதருக்கு எரேமியா எழுதின கடிதம் இது. அதைக் கையில் வாங்கின பெரியவர்களில் அநேகர் அந்த நாளைப் பார்த்திருக்க முடியாது. அதே கடிதம் அவர்களுக்குச் சொன்ன வேலை: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று முந்தின அதிகாரத்தில் முழங்கிய அனனியா கள்ளத்தீர்க்கதரிசி. இந்த வருஷத்துக்குள் எது கிடைக்கும் என்று அட்டையில் தேடுகிறவர், தெரியாமலே அனனியா பக்கம் போய் நிற்கிறார்.

ஆகவே முதல் வேலை, எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதைத் தெளிவாகப் படிப்பது. உயிர்த்தெழுதலைப் பற்றிய 1 கொரிந்தியர் 15 போதும். 58 வசனங்கள், ஆறு நாளுக்குப் பிரியுங்கள்: 1–11, 12–19, 20–28, 29–34, 35–49, 50–58. ஞாயிற்றுக்கிழமை சபையில் கேளுங்கள், திங்கள் மறுபடி முதலிலிருந்து. நான்கு வாரம் இதே அதிகாரம். வாய்விட்டு வாசிக்க வேண்டும். விடியற்காலையில் மௌனமாக வாசித்தால் கண் மட்டும் வரி வரியாக இறங்கும், மனம் அடுப்படியில் இருக்கும். 29-ஆம் வசனத்தில், மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுவது என்ன என்று மாட்டிக்கொள்ளாதீர்கள். வேத பண்டிதர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை, தாண்டிப் போங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மரணம் விழுங்கப்பட்டது, எக்காளம் தொனிக்கும் என்றெல்லாம் உச்சிக்குப் போன அதிகாரம், “கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது” என்று உழைப்பில் வந்து முடிகிறது. உங்கள் ஆடிட்டையும் அந்த வசனத்துக்கு வெளியே தள்ள வேண்டியதில்லை.

ஒரு வருஷத்தில் வேதத்தை முடிக்கும் அட்டவணை வைத்திருந்தால் தற்காலிகமாக மூடிவையுங்கள். 1189 அதிகாரங்களை 365 நாளில் முடிக்க, நாளுக்கு மூன்றுக்கு மேல் வரும். ஏற்கெனவே டார்கெட்டோடு போராடுகிற வங்கி ஊழியருக்கு இன்னொரு டார்கெட் எதற்கு?

ஜெபத்துக்கு இருபது நிமிஷம் போதும், ஆனால் வரிசை மாறவேண்டும். பரமண்டல ஜெபத்தில் நாமம், ராஜ்யம், சித்தம் என்று மூன்று விண்ணப்பங்கள் முடிந்த பிறகுதான் ஆகாரம் வருகிறது. நம்மில் அநேகருடைய ஜெபம் ஆகாரத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. முதல் ஐந்து நிமிஷம் அந்த மூன்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திச் சொல்லுங்கள். பிறகு அன்றைய வேதபகுதி. கடைசி ஐந்து நிமிஷம் விண்ணப்பங்கள். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும். நடுவில் பால் பாக்கெட் ஞாபகம் வந்தால் ‘பால்’ என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்புங்கள். ஒரு வார்த்தைக்கு மேல் எழுதினால் அது அன்றைய வேலைத்திட்டமாகிவிடும். இந்த முறை கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். தாளில் இருப்பவைதான் அந்தக் கடைசி ஐந்து நிமிஷத்துக்கான விண்ணப்பங்கள். வாரக் கடைசியில் ஏழு தாள்களையும் சேர்த்துப் பாருங்கள். தினமும் வந்திருக்கிற வார்த்தை எதுவோ, உங்கள் நம்பிக்கை இப்போதைக்கு அதன்மேல்தான் இருக்கிறது. அது ‘நீட்’ என்ற வார்த்தையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்காக ஜெபிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. “சீட்டு கிடைக்காவிட்டாலும் இவன் உம்முடையவன்” என்பதையும் சேர்த்து ஜெபியுங்கள். முதல் சில நாள் அந்த வாக்கியம் தொண்டையிலிருந்து வராது.

மொபைலில் வேதம் வாசிக்காதீர்கள். வசனத்தின் தலைமேல் கேஸ் புக்கிங் மெசேஜ் வந்து உட்காரும். அலாரத்துக்கு ஒரு சாதாரண கடிகாரம் வாங்குங்கள். காலை எட்டு வரை வாட்ஸ்அப் குரூப்களை மியூட்டில் போடுங்கள், சபை குரூப்பையும் சேர்த்துத்தான். ஃபார்வர்டாக வருகிற இருபது வசனத்தில் ஒன்றும் மனதில் தங்கியதாகத் தெரியவில்லை.

காலை சரியாகிவிட்டால் போதாது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் என்ற துறவி, சோர்வின் ஆவி நான்காம் மணியிலிருந்து எட்டாம் மணி வரை, அதாவது நம் கணக்கில் சுமார் பத்திலிருந்து இரண்டு வரை தாக்கும் என்று குறித்திருக்கிறார். சூரியன் நகராததுபோலத் தெரியும், ஜன்னல் பக்கம் கண் போகும், யாராவது வருகிறார்களா என்று பார்க்கத் தோன்றும், இந்த இடத்தை விட்டுப் போய்விடலாம் என்று யோசனை வரும். வேலையும் குடும்பமும் மொபைலும் இல்லாத துறவிக்கு அப்படி! ராஜினாமா எண்ணம் உங்களுக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒருநாள் கவனியுங்கள். அவரை அடுத்து வந்த ஜான் காசியன் பதிவு செய்திருக்கிற மருந்து ஒரே ஒரு வசனம், சங்கீதம் 70:1: “தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்.” வேலையிலும் நடையிலும் இதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறார். கவுன்ட்டரில் ஒரு வாடிக்கையாளர் போய் அடுத்தவர் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம், பஸ்ஸுக்கும் இதுவே.

தீர்க்கதரிசன வீடியோக்களை வீண் பொழுதுபோக்குக் கணக்கில் நீங்கள் சேர்க்கவில்லை. நான் சேர்க்கிறேன். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியைப் பின்பற்றியவர்கள் தானியேல் 8:14-இல் உள்ள 2300 நாட்களை வருஷங்களாகக் கணக்குப் போட்டு, 1844 அக்டோபர் 22-இல் கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தார்கள். வயலில் விளைந்ததை அறுக்காமல் விட்டவர்களும் உண்டு. 23-ஆம் தேதி வழக்கம்போல விடிந்தது. அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்று மத்தேயு 24:36 சொன்ன பிறகும், போர்ச் செய்தியைக் காட்டித் தேதி பக்கம் இழுக்கிற வீடியோ தருவது பதற்றம். அடுத்த வீடியோவை அழுத்த வைப்பதும் அந்தப் பதற்றம்தான். “நாம் காணாததை நம்பினோமாகில், அது வருகிறதற்குப் பொறுமையோடே காத்திருப்போம்” என்கிறது ரோமர் 8:25. பொறுமையாகக் காத்திருக்கிறவருக்கு இரவு பதினொன்றரைக்கு அப்டேட் தேவைப்படாது.

பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம். உங்கள் ஜெபம் சிதறுவதில் பாதி இதனால்தான். இதை ஆவிக்குரிய வீழ்ச்சி என்று எண்ணி அழவேண்டாம். சாகிறேன் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டு மறுபடியும் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தருடைய சத்தம் அதற்குப் பிறகுதான். பத்து மணிக்கு மொபைலை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுங்கள். ஐந்தரைக்கு எழுந்தால் போதும். சமையலில் ஒரு வேலையைப் பையனிடமோ வீட்டுக்காரரிடமோ கொடுங்கள். அதற்கு அவர்கள் முணுமுணுத்தால் அடுத்த மாதம் எழுதுங்கள், அவர்களுக்கும் இந்தப் பக்கத்தில் பதில் உண்டு.