இணையம் இல்லாமலும் கார் ஷெட் ஷட்டரை இயக்க

வணக்கம். பெருந்துறையில் உள்ள தங்கள் வீட்டுக் கார் ஷெட்டின் ஷட்டர், இணையம் துண்டிக்கப்படும் போதெல்லாம் கைபேசிச் செயலியிலிருந்து இயங்க மறுப்பதாக எழுதியிருந்தீர்கள். மோட்டாரில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. கட்டளை வெளியூர்ச் சர்வர் வரை சென்று திரும்ப வேண்டியிருப்பதே காரணம். இப்படி வெளிச் சர்வரை நம்பியிருப்பதில் வேறு சிக்கலும் உண்டு: 2023-இல், ஷட்டர் மோட்டார் தயாரிக்கும் சேம்பர்லைன் நிறுவனம், கைபேசியிலிருந்து இயக்க உதவும் தன் மைக்யூ சேவையைப் பிற மென்பொருள்களுக்கு அடைத்துவிட்டதால், வீட்டுக் கணினியிலேயே இயங்கி வீட்டுச் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் அந்த இணைப்பையே நீக்க நேர்ந்தது.

எனவே கட்டளை வீட்டுக்குள்ளேயே செல்லும்படி செய்வோம். தங்கள் மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பலகையில் சுவர்ப் பொத்தானுக்கென மின்னழுத்தம் தேவைப்படாத முனைகள் இருந்தால், ஈஎஸ்பி32 என்னும் வைஃபை உள்ள சிறு மின்னணுப் பலகையுடன் ஒரு ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சேர்த்து, அப்பலகையை ஹோம் அசிஸ்டன்டுடன் இணைக்கும் ஈஎஸ்பிஹோம் மென்பொருள் வழியாக அம்முனைகளை அரை நொடி மட்டும் இணைத்து விடுவிக்கலாம். மேலே, கீழே எனத் தனித்தனி முனைகள் இருப்பின் இரண்டு ரிலேக்கள் வேண்டும்; இரண்டும் ஒரே நேரத்தில் இயங்காதபடி இன்டர்லாக் அமைப்பது கட்டாயம். கரன்ட் போய் வரும்போது ஷட்டர் தானாகத் திறந்துகொள்ளாதிருக்க, ரிலேயின் தொடக்க நிலையை 'அணைப்பு' என்றே வையுங்கள்.

ஷட்டர் திறந்திருக்கிறதா என்பதை அறியக் காந்த சுவிட்ச் பொருத்த வேண்டும். இரும்புத் தகட்டில் சாதாரணக் கதவுச் சுவிட்ச் சரியாக வேலை செய்யாது. ஷட்டருக்கென்றே விற்கும் கனமான வகையை வாங்குங்கள். அடுத்து, ஈஎஸ்பி பலகையை இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் வைஃபை எட்டாது. (நானும் அப்படி வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.)

குறுக்கே ஆளோ வண்டியோ வந்தால் ஷட்டரை நிறுத்தும் சென்சாரை மட்டும் ஹோம் அசிஸ்டன்டை நம்பி விடாமல், நேரடியாக மோட்டார் பலகையிலேயே இணைக்கச் சொல்லுங்கள். 230 வோல்ட் பக்கத்து வேலையை எலக்ட்ரீசியனிடம் கொடுத்துவிடுங்கள். ரவுட்டருக்கும் ஹோம் அசிஸ்டன்ட் கணினிக்கும் யுபிஎஸ் இணைப்பு இருக்கட்டும்.