வரலாற்று நாவலில் கதையைச் சொல்வது யார் என்பதைப் பொறுத்து நம் புரிதல் மாறுமா?

"நடந்தது ஒன்றுதானே, யார் சொன்னால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாறும், ரொம்பவே மாறும். எனக்கு இது புரிந்தது ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில்.

நான் கன்னியாகுமரி மாவட்டம், தக்கலைப் பக்கம். இங்கே மார்த்தாண்டவர்மா என்றால் 1741-இல் குளச்சலில் டச்சுப் படையைத் தோற்கடித்த திருவிதாங்கூர் ராஜா, அவ்வளவுதான், மறுபேச்சு கிடையாது. எங்கள் தாத்தா இந்த மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பே மலையாளப் பள்ளியில் படித்தவர். சி. வி. ராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' நாவலை எடுத்து வைத்துக்கொண்டு, மலையாளத்தில் ஒரு பத்தி வாசித்து அதைத் தமிழில் கதையாகச் சொல்வார். அதில் ராஜா இன்னும் இளவரசர், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒளிந்து திரிகிறார், எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற நாயர் பிரபுக்களும், தம்பிமார் என்ற பழைய ராஜாவின் பிள்ளைகளும் அவரைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார்கள். கேட்கிற நானும் இளவரசரோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருப்பேன். தம்பிமார் வில்லன்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அப்புறம் ஒரு கொடை ராத்திரியில் ஆச்சியோடு உட்கார்ந்து தம்பிமார் கதை வில்லுப்பாட்டு கேட்டேன். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக்கொண்டே "அவர்கள் போனார்கள், வந்தார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கொலை நெருங்க நெருங்க குரலைத் தாழ்த்தி "நான்" என்று பேச ஆரம்பித்துவிட்டார். குடமும் உடுக்கும் அடங்கின. பக்கத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். நான் ஆச்சியிடம் "இவங்க கெட்டவங்கதானே?" என்று கேட்டேன். "ஆரு மக்கா சொன்னா?" என்றாள் ஆச்சி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இரண்டிலும் அடிப்படைச் சங்கதி ஒன்றுதான். பழைய ராஜா ராமவர்மாவின் பிள்ளைகள் தம்பிமார். திருவிதாங்கூரில் மருமக்கள்வழி, அதாவது பட்டம் சகோதரியின் மகனுக்கு என்பதால் பிள்ளைகளுக்கு இல்லை, 1729-இல் மருமகன் மார்த்தாண்டவர்மாவுக்குப் போனது. நாவல் மருமகன் பக்கத்தில் நிற்பதால் தங்களுக்கு உரிமையில்லாததைப் பறிக்க வந்தவர்களாகத் தம்பிமார் தெரிகிறார்கள். பாட்டு செத்தவர்கள் பக்கத்தில் நிற்கிறது. அங்கே தம்பிமாரின் தங்கையை மார்த்தாண்டவர்மா பெண் கேட்டதில் பகை முளைத்து, அண்ணன் தம்பி இரண்டு பேரும் கொல்லப்பட்டு, குடும்பமே அழிகிறது. பாட்டு ஏன் அந்தப் பக்கம் நிற்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. எங்கள் பக்கம் அநியாயமாகச் செத்தவர்களுக்குப் பீடம் போட்டுக் கும்பிடுவார்கள், அந்தப் பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து பாடுகிறவர் கொன்றவரின் பக்கம் பேச முடியாது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று உண்டு. "நான் பார்த்தேன்" என்று ஒரு பாத்திரம் சொல்கிற நாவலில் வாசகர் தானாகவே கொஞ்சம் உஷாராக இருப்பார், இது ஒரு ஆளின் பேச்சு என்று தெரிந்துவிடும். எல்லாம் தெரிந்த குரலில், "அந்தக் காலத்தில் வேணாட்டில்..." (வேணாடு திருவிதாங்கூரின் பழைய பெயர்) என்று படர்க்கையில் தொடங்கும் நாவல்தான் நம்மை ஏமாற்றும். அந்தக் குரல் பாடப்புத்தகம் மாதிரியே ஒலிக்கிறது. அது யார் மனசுக்குள் போகிறது, யாரை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். தாத்தா சொன்ன கதையில் இளவரசரின் பயம் எனக்குத் தெரிந்தது, தம்பிமாரின் பயத்தைப் பற்றி ஒரு வரிகூட என் நினைவில் இல்லை.

அதற்காக நாவல் பொய், பாட்டு உண்மை என்று சொல்லவரவில்லை. இரண்டையும் கேட்ட பிறகுதான் நடுவில் இருந்த சிக்கல், அதாவது அப்பா ராஜாவாக இருந்தும் மகனுக்கு ஒன்றுமில்லை என்ற அந்த ஏற்பாடு, எனக்கு உறைத்தது.

இன்னொரு ஆள் இருக்கிறார். குளச்சலில் பிடிபட்டு, பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே புதைக்கப்பட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது. அவர் "நான்" என்று சொல்கிற மாதிரி யாராவது ஒரு நாவல் எழுதினால் முதல் ஆளாக வாங்கி வாசிப்பேன். அதில் குளச்சல் கடற்கரை ஜெயித்த இடமாக இருக்காது, கையைக் கட்டி நிறுத்திய இடமாக இருக்கும்.